படுக்கையும் பரேடும்

ஆளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இருபது, இருபத்திரண்டு வயது. சில மாதம் போர்க்களத்தில் இருந்தவன். நடுவில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து மருத்துவமனையில் கிடந்தான். தேறியதும் படைப்பிரிவுக்குத் திரும்பினான். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கூட நடப்பவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நாலு எட்டு வேகமாக வைத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இடது மார்புக்குக் கீழே சுருக்கென்று குத்துகிறது, தலை கிறுகிறுக்கிறது, முதுகுச் சுமையின் வார் நெஞ்சை நெரிப்பதுபோல் இருக்கிறது. இரவில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. படை மருத்துவர் பரிசோதித்துவிட்டு ‘இதயக் கோளாறு’ என்று எழுதிப் பின்னணி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்.

இந்த இளைஞனை மருத்துவ உலகம் இரண்டு முறை கூட்டம் கூட்டமாகச் சந்தித்தது. முதல் முறை 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில்; அடுத்து முதல் உலகப் போரில். முதல் முறை அவனைப் படுக்க வைத்தவர் பிலடெல்பியாவின் ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா. இரண்டாம் முறை அவனை எழுப்பி டிரில் செய்ய வைத்தவர் லண்டனின் தாமஸ் லூயிஸ். நோயாளி ஒருவனே, வைத்தியம் நேரெதிர். பொதுவாக இந்தக் கதையை லூயிஸின் வெற்றியாகச் சொல்லி முடிப்பார்கள்: படுக்கை தப்பு, பயிற்சி சரி, அறிவியல் முன்னேறியது, அவ்வளவுதான். இருவர் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு அத்தனை சுலபமாகத் தீரவில்லை. டா கோஸ்டா கண்ணால் கண்டதைச் சரியாகக் கண்டார், கையால் செய்ததில் சறுக்கினார். லூயிஸ் செய்தது சரியான திசையில் போனது. ஆனால் அவர் கையில் உடற்பயிற்சி மருந்தாக இருந்ததைவிட அளவுகோலாக இருந்ததே அதிகம்.

டா கோஸ்டாவின் மருத்துவமனை பிலடெல்பியாவின் புறநகரில், டர்னர்ஸ் லேன் என்ற இடத்தில் இருந்தது. போருக்காகத் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையில் இரண்டு விநோதமான கூட்டங்கள் ஒரே கூரையின் கீழ் கிடந்தன. ஒரு பக்கம் நரம்பில் குண்டுக் காயம் பட்டவர்கள். அவர்களைப் பார்த்தவர் சைலஸ் வெயர் மிட்செல். இன்னொரு பக்கம் காயமே இல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். இவர்கள் டா கோஸ்டாவின் பங்கு. முந்நூறுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து, குறிப்பெடுத்து, போர் முடிந்து ஆறு வருடம் கழித்து 1871-இல் ‘எரிச்சலுற்ற இதயம்’ என்ற பொருளில் நீண்ட கட்டுரை எழுதினார்.

இருநூறு பேரின் நோய்த் தொடக்கத்தை அந்தக் கட்டுரையில் பிரித்துக் காட்டியிருக்கிறார். கடுமையான களப்பணிக்குப் பிறகு, குறிப்பாக மிதமிஞ்சிய அணிநடைக்குப் பிறகு வந்தது 38.5 விழுக்காடு. வயிற்றுப்போக்குக்குப் பிறகு வந்தது 30.5. காய்ச்சலுக்குப் பிறகு 17. அதாவது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு தொற்றோ கழிச்சலோ உடம்பைக் காயப்போட்டுவிட்டுப் போன பிறகுதான் இந்தப் படபடப்பு வந்திருக்கிறது. பயம் என்ற காரணத்தை அவர் பட்டியலில் தேடினால் கிடைப்பதில்லை. வீரனின் நெஞ்சு பயத்தால் துடிக்கிறது என்று எழுத அந்தக் காலத்து மருத்துவருக்குக் கை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நாடி பார்ப்பதில் டா கோஸ்டா அசாத்தியப் பொறுமைசாலி. நோயாளியைப் படுக்க வைத்து எண்ணுவார், எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார். நிற்கும்போது நூறு, நூற்றிருபது, சிலருக்கு நூற்று நாற்பது வரை பாயும் நாடி, படுத்ததும் மளமளவென்று இறங்குவதைக் குறித்து வைத்தார். மூச்சின் வேகம் மட்டும் நாடிக்குச் சமமாக ஏறவில்லை என்பதையும் கவனித்தார். ஸ்டெதஸ்கோப்பும் விரல்நுனியும் தவிர வேறொன்றும் இல்லாத காலத்தில் இந்தக் கவனிப்பு லேசுப்பட்டதல்ல. நூற்றைம்பது வருடம் கழித்து நாம் திரும்பி வந்து நிற்பதும் இதே இடத்தில்தான். அதைப் பின்னால் பார்க்கலாம்.

படுத்தால் நாடி அடங்குகிறது என்றால் வைத்தியம் என்ன? டா கோஸ்டாவுக்கு விடை கண் முன்னாலேயே இருந்தது: படுக்க வை. வாரக்கணக்கில் படுக்கை. கூடவே டிஜிட்டாலிஸ், இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மூலிகை மருந்து. அது சரிப்படாதவர்களுக்கு அகோனைட், பெல்லடோனா என்று அன்றைய மருந்துப் பெட்டியில் இருந்த மற்றவை. துடிப்பு குறைந்தது, வலி குறைந்தது. மருத்துவருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி. திரும்ப அணிநடைக்குப் போனவர்களில் பலர் மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். காய்ச்சலிலிருந்து தேறியவனை அவசரப்பட்டுக் கடும் வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று அவர் சொன்ன அறிவுரை மட்டும் இன்றுவரை பழசாகவில்லை.

பக்கத்து வார்டில் இருந்த மிட்செலைப் பற்றி ஒரு வார்த்தை. போர் முடிந்த பிறகு, நரம்புத் தளர்ச்சி என்று வந்த பெண்களை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தி, எழுதப் படிக்கக்கூட விடாமல் பாலும் கொழுப்பும் ஊட்டும் ‘ஓய்வு வைத்தியம்’ அவரால்தான் உலகப் புகழ் பெற்றது. அந்த வைத்தியத்தில் மாட்டி மனம் பேதலிக்கும் நிலைக்குப் போன சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன், 1892-இல் வெளியான ‘மஞ்சள் நிறச் சுவர்க்காகிதம்’ கதையில் பழிதீர்த்துக்கொண்டார். ஆக அந்தக் காலமே ஓய்வின் காலம். டா கோஸ்டாவை மட்டும் தனியாகக் கூண்டில் ஏற்றுவதில் அர்த்தமில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஆங்கிலேயர்கள் வேறொரு குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார்கள். நெட்லி ராணுவ மருத்துவப் பள்ளிப் பேராசிரியர் மக்லீன் 1867-இல் முதுகுப் பையின் வார்களைக் குறைசொன்னார். 1870-இல் ஆர்தர் மையர்ஸ் இறுக்கமான சீருடை கழுத்தையும் மார்பையும் நெரிக்கிறது என்றார். வார்களைத் தளர்த்தினார்கள், சீருடையை மாற்றினார்கள். படபடப்பு போகவில்லை.

1914-இல் போர் வந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் திணறிப்போனது. ‘இதயத்தின் ஒழுங்கற்ற செயல்பாடு’ என்ற சீட்டோடு பிரான்சிலிருந்து ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். ‘வால்வு நோய்’ என்ற சீட்டும் தாராளமாகக் கிழிக்கப்பட்டது. ஸ்டெதஸ்கோப்பில் சின்ன முணுமுணுப்பு கேட்டால் போதும், படுக்கை, மாதக்கணக்கில் படுக்கை, அப்புறம் பென்ஷன். ஆளும் போனது, பணமும் போனது.

இங்கேதான் ஜேம்ஸ் மெக்கன்சி வருகிறார். லங்காஷயரில் பர்ன்லி என்ற ஆலை ஊரில் பல வருடம் குடும்ப டாக்டராக இருந்தவர். முணுமுணுப்பு கேட்ட ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து, அதில் பெரும்பாலானவர்கள் பிள்ளை குட்டி பெற்று, ஆலையில் உழைத்து, நிம்மதியாக மூப்படைந்ததை நேரில் கண்டவர். இதயம் போடும் சத்தத்தைக் கேட்காதே, அது வேலை செய்கிறதா என்று பார் என்பது அவர் கட்சி. அவருடைய வழியில் வந்தவர் லூயிஸ். கார்டிஃபில் பிறந்தவர், ஈசிஜி என்ற புதுக் கருவியை வைத்து இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைகளை வகைப்படுத்தி முப்பது வயதுக்குள் பெயர் வாங்கியவர். அந்தக் கருவியால் இந்தச் சிப்பாய்களிடம் சொல்லிக்கொள்ளும்படி எதையும் பிடிக்க முடியவில்லை. ஈசிஜியின் பிதாமகர்களில் ஒருவர், கருவியை ஓரங்கட்டிவிட்டு ஆளை மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்க்க வேண்டியதாயிற்று.

1916-இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில், முன்பு நெஞ்சு நோய் மருத்துவமனையாக இருந்த மவுண்ட் வெர்னன் கட்டடத்தில் ராணுவ இதய மருத்துவமனை திறந்தார்கள். மெக்கன்சி, வில்லியம் ஆஸ்லர், கிளிஃபர்ட் ஆல்பட் என்று மூன்று பெருந்தலைகள் ஆலோசகர்கள். அன்றாட வேலை லூயிஸினுடையது. அடுத்த வருடம் இடம் போதாமல் கோல்செஸ்டரின் சோப்ரான் ராணுவ மருத்துவமனைக்கு மாறினார்கள்.

லூயிஸ் செய்த முதல் காரியம் சல்லடை போட்டது. உண்மையான வால்வு நோய், உண்மையான இதய வீக்கம் உள்ளவர்களைத் தனியே பிரித்தார், அவர்கள் சிறுபான்மை. மிச்சமிருந்தவர்களைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஆரோக்கியமான ஆள் மலையேறினால் என்ன ஆகிறது? மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடிக்கிறது, தலை லேசாகச் சுற்றுகிறது, கால் தளர்கிறது. இவர்களுக்கும் அதேதான் ஆகிறது, ஆனால் இரண்டு மாடி ஏறுவதற்குள் ஆகிவிடுகிறது. புதிதாக ஒரு நோய்க்குறி எதுவும் இல்லை. எல்லோருக்கும் உள்ள எல்லைதான் இவர்களுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது. 1918-இல் வந்த புத்தகத்தில் இதற்கு ‘முயற்சிக் கூட்டுநோய்’ என்ற பொருளில் பெயர் சூட்டினார். பெயரில் இதயம் இருந்தாலே நோயாளி இன்னும் பயந்து போகிறான் என்பதும் அவர் கவலை.

வார்டும் தலைகீழாக மாறியது. டர்னர்ஸ் லேனில் நல்ல நோயாளி என்றால் அசையாமல் கிடப்பவன். கோல்செஸ்டரில் பகலில் படுக்கையில் கிடந்தால் சார்ஜென்ட் வந்து நிற்பார். உடற்பயிற்சி ஆசிரியர்களை வைத்து லூயிஸ் படிநிலைப் பயிற்சி வகுத்திருந்தார். கையை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது, உடம்பை வளைப்பது என்று சில நிமிட நேரத்து லேசான டிரில்லில் ஆரம்பம். அதைத் தாங்கினால் அடுத்த படி, கொஞ்சம் வேகம். அதற்கும் தாங்கினால் ஓட்டம், துள்ளல், நெடுநடை. ஒவ்வொரு படியிலும் மூச்சையும் நாடியையும் முகத்தையும் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். டிஜிட்டாலிஸையும் மற்ற மருந்துகளையும் சோதித்துப் பார்த்து, இந்த நோயாளிகளுக்கு அவற்றால் பயனில்லை என்று மூட்டை கட்டினார்.

குறிப்பேட்டின் நோக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொருவனும் எந்தப் படி வரை ஏறினான் என்று பார்த்து, இவன் போர்முனைக்கு, இவன் உள்நாட்டுப் பணிக்கு, இவன் வேலைப்படைக்கு, இவன் வீட்டுக்கு என்று பிரித்தார்கள். கணிசமானோர் ஏதோ ஒரு பணிக்குத் திரும்பினார்கள். முழுப் போர்ப்பணிக்குத் தேறியவர்கள் அவர்களில் சிறு பங்கு. ராணுவத்துக்கு இது பெரிய லாபம்: மாதக்கணக்கில் படுக்கையை அடைத்துக்கொண்டிருந்த ஆளைப் பற்றி இப்போது சீக்கிரம் முடிவெடுக்க முடிந்தது, பென்ஷன் செலவும் கட்டுக்குள் வந்தது. உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை உழைக்க வைத்துத்தான் அளக்க முடியும் என்று லூயிஸ் காட்டினார். இன்றைய டிரெட்மில் சோதனைக்கு அடியில் கிடக்கும் யோசனையும் இதுதான். ஆனால் அளந்ததால் குணமானார்களா?

லூயிஸின் உதவியாளர் ரொனால்ட் கிராண்ட் இந்தக் கேள்வியை விடவில்லை. போர் முடிந்த பிறகு அந்த மருத்துவமனையில் இருந்த அறுநூற்றுச் சொச்சம் பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 1925-இல் முடிவை வெளியிட்டார். முழுக்கக் குணமானவர்கள் சுமார் 15 விழுக்காடு. ஓரளவு தேறியவர்கள் 18. பாதிக்கு மேற்பட்டவர்கள் இருந்தபடியே இருந்தார்கள். ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: உண்மையான இதய நோயாக அது முற்றியது மிகச் சிலருக்குத்தான். நீண்ட நாள் எரிச்சலில் இதயம் வீங்கிவிடும் என்று டா கோஸ்டா பயந்தது நடக்கவில்லை. லூயிஸின் சீடர் லூயிஸின் வெற்றிக்குக் கடிவாளம் போட்ட அந்த நேர்மை பாராட்டப்பட வேண்டியது. பயிற்சிக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் கட்டுரையை மட்டும் வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பயிற்சியின் செல்வாக்கு வேறு வழியில் பரவியது. 1917-இல் கோல்செஸ்டருக்குக் கற்றுக்கொள்ள வந்த அமெரிக்க இளம் மருத்துவர்களில் சாமுவேல் லெவின் ஒருவர். முப்பத்தைந்து வருடம் கழித்து 1952-இல் அவரும் பெர்னார்ட் லோனும் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் மல்லாக்கக் கிடத்தும் வழக்கத்தை உடைத்து, சில நாளிலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மற்ற மருத்துவர்களுக்கு அது கொலைபாதகமாகத் தெரிந்தது. நோயாளிகள் நன்றாகவே தேறினார்கள். மாரடைப்புக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்க விடும் இன்றைய வழக்கத்தின் வேர்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் உலகப் போரில் காற்று திசை மாறியது. லண்டன் மில் ஹில் மருத்துவமனையில் இதே நோயாளிகளைப் பார்த்த பால் வுட், 1941-இல் இது பயத்தின் நோய் என்று தீர்ப்பெழுதினார். இடது மார்பு வலி இதயத்திலிருந்து வரவில்லை என்பதைக் காட்ட அவர் கையாண்ட முறை நறுக்கென்றிருந்தது: வலிக்கும் இடத்தின் தசையில் மரத்துப்போகும் ஊசி போட்டார், வலி நின்றது. நெஞ்சு வலிக்கிறது, ஆகவே இதயம் கெட்டுவிட்டது என்று நம்புகிறவன் அசையப் பயப்படுகிறான். அசையாததால் இன்னும் பலவீனமாகிறான். இந்தச் சுழலை வுட் சொன்னது சரி. எல்லாவற்றையும் பயத்தில் போட்டு மூடியதில்தான் கோளாறு. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பிறகு வந்தது என்று டா கோஸ்டா எண்ணி வைத்த கணக்கு அந்த மூட்டைக்குள் புதைந்துபோனது. ‘ஈசிஜி நார்மல், டென்ஷன்தான், ரெஸ்ட் எடுங்க’ என்று இன்றைக்கும் வெளிநோயாளர் பிரிவுகளில் கேட்கிற வாக்கியத்தில் வுட்டின் பாதியும் டா கோஸ்டாவின் பாதியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் தவறான பாதிகள்.

படுக்கை ஏன் தவறு என்பதை எண்ணிக்கையில் காட்டியது ஒரு சின்ன ஆய்வு. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஐந்து கல்லூரி இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள். எழுந்தபோது, உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜன் நிமிடத்துக்கு 3.3 லிட்டரிலிருந்து 2.4 லிட்டராக இறங்கியிருந்தது. 27 விழுக்காடு நஷ்டம். பிறகு எட்டு வாரப் பயிற்சியில் அது 3.9 வரை ஏறியது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். ஐம்பது வயதில், தொந்தியும் தொப்பையுமாக வந்தவர்களில் ஒருவர்கூட இருபது வயதில் மூன்று வாரப் படுக்கைக்குப் பிறகு இருந்த அளவுக்கு மோசமாக இல்லை. டா கோஸ்டா வாரக்கணக்கில் கிடத்திய சிப்பாய்கள் எழுந்து அணிநடைக்குப் போனால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

நடப்பது இதுதான். நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கால் நாளங்கள் சுருங்கியும் கெண்டைக்கால் தசை அழுத்தியும் அதை மேலே தள்ளுகின்றன. படுத்தே கிடந்தால் உடம்பு ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்துவிடுகிறது, இதயமும் மெல்லச் சிறுக்கிறது. அப்புறம் நின்றால் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைவு. ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை பாய்கிறது. இதன் மேல் கவலையும் பயமும் சேர்ந்து அட்ரினலினை ஊற்றினால் கேட்கவே வேண்டாம். மூச்சு வேகமாகி, கரியமில வாயு அதிகமாக வெளியேறி, விரல்நுனி சிலுசிலுத்துத் தலை சுற்றும். மனமா உடம்பா என்று இங்கே கோடு கிழிக்கப் போனவர்கள் யாரும் உருப்படியான விடையோடு திரும்பியதில்லை. டா கோஸ்டாவின் பரிசோதனையை வீட்டிலும் செய்து பார்க்கலாம்: பத்து நிமிடம் படுத்திருந்து மணிக்கட்டில் நாடியை எண்ணுங்கள். எழுந்து சாயாமல் நின்று, பத்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறை எண்ணுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பத்து, பதினைந்து கூடும். முப்பதுக்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் இறங்காமல், மாதக்கணக்கில் தொல்லையும் தொடர்ந்தால் ‘பாட்ஸ்’ என்று இன்று அழைக்கப்படும் கோளாறைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். பதின்வயதினருக்கு அந்த வரம்பு நாற்பது.

டா கோஸ்டாவின் சிப்பாய்கள் எல்லோருக்கும் இருந்தது பாட்ஸ்தான் என்று சொல்ல வரவில்லை. கலவையான கூட்டம் அது. ஆனால் நின்றால் ஏறி, படுத்தால் இறங்கும் நாடியோடு பெரும்பாலும் இளம்பெண்கள் வந்து நின்றபோது டல்லாஸில் வேறொரு லெவின், பெஞ்சமின் லெவின், தம் சக ஆய்வாளர் சீ ஃபூவோடு சேர்ந்து பழைய இரண்டு வைத்தியத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தார். நோயாளி படுக்க வேண்டும், படுத்தபடி உழைக்க வேண்டும். சாய்ந்து மிதிக்கும் சைக்கிள், துடுப்பு வலிக்கும் எந்திரம், நீச்சல். ரத்தம் காலுக்கு இறங்காத நிலையில் இதயத்துக்கு வேலை கொடுக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நான்கு நாள், அரைமணி போல. உப்பும் தண்ணீரும் கூட்டுகிறார்கள். முதலில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, பிறகு இதயச் சுவர் தேறுகிறது. மூன்றாம் மாத வாக்கில்தான் நிமிர்ந்து நடப்பதும் ஓடுவதும். 2010-இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் பயிற்சியை முடித்த 19 பேரில் 10 பேருக்குப் பரிசோதனையில் பாட்ஸ் இல்லை என்றாகிவிட்டது.

கோல்செஸ்டர் டிரில்லோடு இதை ஒப்பிட்டால் ஒரு சின்ன வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. லூயிஸின் பயிற்சியில் படிகள் உண்டு, ஆனால் முதல் படியே நின்றபடி. எழுந்து நிற்பதே பாதி உழைப்பாக இருக்கும் ஆளை, நிற்க வைத்துக் கை தூக்கச் சொன்னார்கள். டா கோஸ்டாவின் குறிப்பேட்டைப் புரட்டி, படுத்ததும் இறங்கும் நாடியை லூயிஸ் கொஞ்சம் கூடுதலாக மதித்திருந்தால் முதல் படியைத் தரையில் படுத்தபடி வைத்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சபலம். அதற்கு நேரமும் இல்லை. இதயத் தசை தேற மாதங்கள் ஆகும். ராணுவம் கொடுத்தது வாரங்கள்.

மருந்து விஷயத்திலும் ஒரு பழைய கணக்கு தீர்ந்தது. 2010 ஆய்வுக்கு அடுத்த வருடம் ஃபூவும் லெவினும் அடங்கிய அதே குழு, துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரையையும் பயிற்சியையும் ஒப்பிட்டது. இரண்டும் நிற்கும்போதான துடிப்பைக் குறைத்தன. அன்றாட வாழ்க்கை மேம்பட்டதாக நோயாளிகள் சொன்னது பயிற்சிக்குப் பிறகு மட்டும். டிஜிட்டாலிஸால் நாடி இறங்கியும் டா கோஸ்டாவின் சிப்பாயால் ஏன் நடக்க முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. எண்ணிக்கை இறங்கியது, ஒரு துடிப்பில் போகும் ரத்தம் கூடவில்லை.

பயிற்சிக்குக் கொடி பிடிக்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொற்றுக்குப் பிறகு வரும் களைப்பு நோயில் ஒரு வகை உண்டு. இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக நடந்தால் நாளையோ மறுநாளோ ஆளை அடித்துப் போட்டுவிடும். அவர்களுக்கு ‘வாரம் இவ்வளவு கூட்டு’ என்று அட்டவணை போட்டு ஓட்டும் பயிற்சியைச் சிபாரிசு செய்யக்கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் சொல்லிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கூட்டம் பெருகியிருக்கிறது. பாட்ஸும் இதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும். நிற்கும்போது பார்த்த நாடி இங்கே போதாது. மறுநாள் காலை எப்படி எழுந்தார் என்று கேட்டே ஆகவேண்டும். நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு முதலில் உண்மையான இதய நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது, லூயிஸ் செய்ததுபோலவே, இதற்கெல்லாம் முந்திய காரியம்.

கடைசியாக இரண்டு எண்கள். டல்லாஸ் திட்டத்தை மருத்துவமனைக்கு வெளியே, அவரவர் ஊரில் அவரவர் டாக்டரின் மேற்பார்வையில் செய்ய முடியுமா என்று பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. சேர்ந்தவர்கள் 251 பேர், முடித்தவர்கள் 103. முடித்தவர்களில் 71 விழுக்காட்டினருக்குப் பாட்ஸ் நீங்கியது. அற்புதமான எண்தான். பாதியில் நின்றவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் அது 29 விழுக்காடாகச் சுருங்குகிறது. கிராண்டின் பட்டியலில் குணமானவர்களையும் தேறியவர்களையும் கூட்டினால் 33. நோயாளிகள் வேறு, அளவுகோல் வேறு, காலம் வேறு. இந்த இரண்டையும் தராசில் வைத்து நிறுக்க முடியாது. இருந்தாலும் பாதியில் நின்ற அந்த 148 பேரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது. முதல் மாதம் உடம்பு முன்னைவிட மோசமாகத் தோன்றும் என்பது இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் அடிக்கடி சொல்வது. அந்த மாதத்தில் தினமும் கதவைத் தட்டி எழுப்ப கோல்செஸ்டரில் ஒரு சார்ஜென்ட் இருந்தார். நிறுத்திவிட்டுப் போகும் சுதந்திரம் அங்கே யாருக்கும் இல்லை. வீட்டில் தனியாகச் சாய்வு சைக்கிள் மிதிக்கும் பெண்ணுக்குச் சுதந்திரம் இருக்கிறது, சார்ஜென்ட் இல்லை. அவர் இடத்தில் யாரை வைப்பது, வாரம் ஒருமுறை போன் செய்யும் பிசியோதெரபிஸ்டையா, கூடவே மிதிக்கும் இன்னொரு நோயாளியையா என்பதை இனி யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும்.